338 சொற்களும் 10 கோடி டாலரும்: ஒரு குழந்தைப் புத்தகம் பெரியவர்களின் படமான கதை

படம் ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை சோபாவில் குதித்துக்கொண்டிருந்த என் மகள் திடீரென்று திரும்பி, "அப்பா, இவன்தானே ராஜா? அப்புறம் ஏன் யாருமே இவன் சொல்றதக் கேக்கல?" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அதே கதைதான் என்று சொல்லித்தான் படத்தைப் போட்டிருந்தேன். அவள் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் "பாரு, பாரு, கேப்பாங்க" என்று சமாளித்தேன். கடைசிவரை கேட்கவில்லை. படம் முடியும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளறையில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

புத்தகம், மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்து 1963இல் வெளிவந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (காட்டு ஜந்துகள் இருக்கும் இடம்). அதே பெயரில் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய படம் 2009 அக்டோபரில் வந்தது. குழந்தைகளுக்கான புத்தகத்தைப் படமாக்கப் போய்ப் பெரியவர்களுக்கான படமாக முடிந்துவிட்ட நிகழ்வுகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "குழந்தைகளுக்குப் பயமாக இருக்கிறது" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. புத்தகமும் பயமுறுத்துகிற புத்தகம்தான். குழந்தைகள் அதை அறுபது வருடமாக விடாமல் படிக்கிறார்கள். வேறெங்கோதான் ஏதோ மாறியிருக்கிறது.

முதலில் புத்தகம்

ஆங்கிலத்தில் மொத்தம் 338 சொற்கள். மேக்ஸ் என்ற பையன் ஓநாய் உடையை மாட்டிக்கொண்டு வீட்டில் அட்டகாசம் செய்கிறான். சுவரில் ஆணி அடிக்கிறான், கையில் முள்கரண்டியோடு நாயைத் துரத்துகிறான். அம்மா "காட்டு ஜந்து!" என்று திட்டுகிறாள். "உன்னைத் தின்னுடுவேன்!" என்கிறான் இவன். சாப்பாடு கிடையாது, போய்ப் படு என்று அறைக்கு அனுப்பப்படுகிறான். அந்த அறைக்குள்ளேயே காடு முளைக்கிறது. கட்டில் கால்கள் மரமாகின்றன, கூரையில் கொடிகள் தொங்குகின்றன. ஒரு கடலும் அவனுக்கென்றே ஒரு படகும் வருகின்றன. ஒரு வருடத்துக்குக் கிட்டப் பயணம் செய்து ஜந்துகள் வாழும் இடத்தை அடைகிறான். அவை உறுமுகின்றன, பல்லை நறநறக்கின்றன, நகத்தைக் காட்டுகின்றன. மேக்ஸ் "சும்மா இருங்க!" என்று ஓர் அதட்டு அதட்டி, அவற்றின் மஞ்சள் கண்களை இமைக்காமல் உற்றுப் பார்க்கிறான். அவ்வளவுதான், அடங்கிவிடுகின்றன. அவனை ராஜா ஆக்குகின்றன. கும்மாளம் நடக்கிறது. போதும் என்று தோன்றியதும் அவனே நிறுத்துகிறான். நிறுத்திவிட்டு, ஜந்துகளைச் சாப்பாடு இல்லாமல் படுக்கப் போகச் சொல்கிறான்! அம்மா தனக்குச் செய்ததை அப்படியே அவற்றுக்குச் செய்கிறான். அப்புறம் தனிமை தட்டுகிறது. எங்கோ தூரத்திலிருந்து சாப்பாட்டு வாசனை வருகிறது. ராஜா வேலையை விட்டுவிட்டு வீடு திரும்புகிறான். அறையில் அவனுக்காகச் சாப்பாடு காத்திருக்கிறது, இன்னும் சூடாக.

கதையைச் சொல்லிவிடலாம், படங்களைச் சொல்வதுதான் கடினம். தொடக்கத்தில் படம் பக்கத்தின் நடுவில் சின்னதாக, சுற்றிலும் வெள்ளை விட்டு, கூண்டுக்குள் அடைத்ததுபோல் இருக்கும். மேக்ஸின் கோபம் வளர வளரப் படமும் வளரும். காடு முளைத்து முடிகையில் பக்கம் முழுக்க நிறைந்துவிடும். பிறகு எதிர்ப்பக்கத்துக்கும் ஒழுகும். கும்மாளம் வரும்போது மூன்று இரட்டைப் பக்கங்கள் வெறும் படம், ஒரு சொல் கிடையாது. அங்கிருந்து மறுபடி படம் சுருங்கும். கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, அந்தச் சூட்டைப் பற்றிய ஒற்றை வரி மட்டும். அந்த வரிக்காகவும் செண்டாக் சண்டை போட வேண்டியிருந்தது. 'சூடாக' என்றால் குழந்தை வாயைச் சுட்டுக்கொள்ளும், 'இளஞ்சூடாக' என்று போடலாமே என்று பதிப்பகத்தில் கேட்டார்களாம். அவர் விடவில்லை. இளஞ்சூடான சாப்பாடு என்றால் அம்மா எப்போதோ வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றல்லவா ஆகிவிடும்.

இந்த ஜந்துகள் வந்த வழி வேடிக்கையானது. முதலில் குதிரைகளைப் பற்றிய கதையாகத்தான் தொடங்கியிருக்கிறார். ஆனால் அவருக்குக் குதிரை வரைய வராது. சரி, உனக்கு என்னதான் வரைய வரும் என்று பதிப்பாசிரியர் உர்சுலா நார்ட்ஸ்ட்ரம் கேட்டபோது யோசித்ததில், ஞாயிற்றுக்கிழமைகளில் புரூக்ளின் வீட்டுக்குச் சாப்பிட வரும் உறவுக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். சொத்தைப் பல்லும் மூக்கில் மயிருமாக மாமாக்களும் அத்தைகளும் குனிந்து, கன்னத்தைக் கிள்ளி, அப்படியே கடித்துத் தின்னலாம்போல இருக்கிறாய் என்பார்கள். சமையல் முடியத் தாமதமானால் உண்மையிலேயே தின்றுவிடுவார்களோ என்று சிறுவன் பயந்திருக்கிறான். சேட்டைக்காரப் பிள்ளைகளை யித்திஷ் மொழியில் 'காட்டு மிருகம்' என்று பொருள்படத் திட்டுவது வழக்கம். தலைப்பில் அந்த வசவின் சாயலும் உண்டு.

1964இல் புத்தகத்துக்கு, அமெரிக்காவில் சிறந்த குழந்தைப் படப்புத்தகத்துக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. 1969இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹெய்ம் ஒரு பெண்கள் பத்திரிகையில், தாய் சாப்பாடு தராமல் தண்டிப்பது குழந்தையைக் கலங்கடிக்கும் என்று எழுதினார், புத்தகத்தைப் பார்க்காமலேயே. ஆனால் செண்டாக் தம் பதக்க ஏற்புரையிலேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தார். பயம், கோபம், வெறுப்பு எல்லாம் குழந்தைகளின் அன்றாடம், கற்பனைதான் அந்த ஜந்துகளை அடக்க அவர்களிடம் இருக்கும் சிறந்த கருவி என்பது அவர் வாதம். 'அடக்க' என்ற சொல்லை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் காணாமல் போவது அதுதான்.

கைமாறிய உரிமை

இந்தப் புத்தகத்தை வேறு வடிவங்களுக்குக் கொண்டுபோக முயன்றவர்கள் பலர். 1970களில் ஜீன் டெய்ச் குறும்படமாக அசைவூட்டினார். செண்டாக்கே வசனம் எழுத, ஆலிவர் நசன் இசையில் ஓப்பரா என்ற இசை நாடகமாக 1980இல் பிரஸ்ஸல்ஸில் மேடையேறியது. 1983இல் டிஸ்னியில் ஜான் லாசெட்டரும் க்ளென் கீனும் இந்தக் கதையின் ஒரு துண்டை எடுத்து, கையால் வரைந்த பையனைக் கணினியில் செய்த வீட்டுக்குள் ஓடவிட்டுச் சோதனை பார்த்தார்கள். லாசெட்டர் பின்னாளில் கணினி அசைவூட்டப் படங்களை எடுக்கும் பிக்ஸார் நிறுவனத்தில் செய்ததற்கெல்லாம் ஒரு முன்னோட்டம் அது. முழுப்படமாக அது வளரவில்லை. அப்புறம் யுனிவர்சல் பட நிறுவனத்தில் ஓர் அசைவூட்டத் திட்டம் பேசப்பட்டு, அதுவும் அப்படியே அடங்கிப்போனது.

ஸ்பைக் ஜோன்ஸுக்கும் செண்டாக்குக்கும் 1990களிலிருந்தே பழக்கம். வேறொரு குழந்தைப் புத்தகத்தைப் படமாக்கும் முயற்சியில் இருவரும் சேர்ந்து வேலை செய்து, அது கைவிடப்பட்டிருந்தது. செண்டாக் தம் புத்தகத்தையே கொடுக்க முன்வந்தபோது ஜோன்ஸ் நெடுநாள் தயங்கினார். தயக்கம் நியாயமானது. 338 சொற்களைத் திரையில் ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தால் நிமிடத்துக்கு நான்கு சொல்கூடத் தேறாது. மீதியை எதைக் கொண்டு நிரப்புவது? சினிமாவில் வழக்கமாக இதற்கு ஒரு வில்லனைச் சேர்ப்பார்கள், ஒரு தேடலைச் சேர்ப்பார்கள், பேசுகிற அணில் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஜோன்ஸ் அதையெல்லாம் தொடவில்லை. ஜந்துகள் என்பவை கட்டுக்கடங்காத உணர்ச்சிகள், நம் உள்ளே இருப்பவையும் நம்மைச் சுற்றி இருப்பவர்களிடம் இருப்பவையும் என்று பிடித்துக்கொண்டார். அந்த 'சுற்றி இருப்பவர்களிடம்' என்பதில்தான் படம் தடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். புத்தகத்தில் எல்லாமே மேக்ஸுக்குள் நடப்பது.

எழுத்தாளர் டேவ் எக்கர்ஸைத் துணைக்கு அழைத்துத் திரைக்கதை எழுதினார்கள். படம் யுனிவர்சலிலிருந்து வார்னர் பிரதர்ஸுக்குப் போனது. டாம் ஹாங்க்ஸின் நிறுவனமும் செண்டாக்கும் தயாரிப்பாளர்களில் அடக்கம். புத்தகத்தைப் பார்த்துப் பணிந்து எடுக்காதே, உன்னுடையதாக எடு, குழந்தைகளிடம் குழைந்து பேசாதே என்பது செண்டாக்கின் அறிவுரை. அவர் முரண்பட்ட இடம் என்று பேசப்படுவது ஒன்றுதான்: அறை காடாக மாறும் காட்சி படத்தில் இல்லை. படத்து மேக்ஸ் அம்மாவைக் கடித்துவிட்டு வாசலைத் தாண்டி இருட்டில் ஓடுகிறான். அம்மா பின்னாலேயே ஓடி வருகிறாள். அவளால் பிடிக்க முடியவில்லை. நிஜமான தெரு, நிஜமான ராத்திரி. புத்தகம் படிக்கும் குழந்தைக்கு மேக்ஸ் ஒருபோதும் வீட்டை விட்டுப் போகவில்லை என்பது உள்ளூரத் தெரியும். படம் பார்க்கும் குழந்தைக்கு அந்தப் பிடிமானம் முதல் இருபது நிமிடத்திலேயே போய்விடுகிறது.

செலவு எங்கே போனது

2006இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் படப்பிடிப்பு. மணற்குன்றுகள், எரிந்து கருகிய காடு, பாறைக் கடற்கரை எல்லாம் நிஜ இடங்கள். மேக்ஸாக நடித்த மேக்ஸ் ரெக்கார்ட்ஸுக்கு அப்போது ஒன்பது வயது. பச்சைத் திரைக்கு முன்னால் நின்று இல்லாத ஒன்றைப் பார்த்து நடிக்கச் சொல்லாமல், பையன் கட்டிப்பிடித்துச் சாய்ந்துகொள்ளக்கூடிய ஆளுயரத்துக்கும் மேலான உடம்புகள் வேண்டும் என்றார் ஜோன்ஸ். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் தொடங்கிய பட்டறை அந்த ராட்சத உடைகளைச் செய்தது. முகங்களும் இயந்திரத்தால் அசைய வேண்டும் என்பது முதல் திட்டம். தலைக்குள் இயந்திரம் வைத்தால் உள்ளே இருப்பவரால் சுமந்து நடமாட முடியவில்லை. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, உடையோடு எடுத்த காட்சிகளின் மேல் முகபாவங்களைக் கணினியில் சேர்த்தார்கள். லண்டனின் ஃப்ரேம்ஸ்டோர் அந்த வேலையைச் செய்தது.

குரல் நடிகர்களை ஆளுக்கொரு ஒலிக்கூடத்தில் அடைக்காமல், எல்லோரையும் ஒரே தளத்தில் சேர்த்து, ஓடிப் பிடித்து, உருண்டு, இடித்துக்கொண்டு நடிக்கவைத்துப் பதிவு செய்திருக்கிறார் ஜோன்ஸ். ஜேம்ஸ் காண்டோல்ஃபினி, லாரன் ஆம்ப்ரோஸ், கேத்தரின் ஓஹாரா, ஃபாரஸ்ட் விட்டேக்கர், கிறிஸ் கூப்பர், பால் டேனோ. பிற்பாடு உடைக்குள் இருந்தவர்கள் அந்த அசைவுகளைப் பார்த்து நடித்தார்கள். ஆக ஒவ்வொரு ஜந்துக்கும் மூன்று பேர் உயிர் கொடுத்திருக்கிறார்கள்: குரல், உடம்பு, முகம். ஜந்து மூச்சு வாங்கும்போது அதன் ரோமத்தில் கடற்காற்று அலைவது தெரியும். இவ்வளவு கனமான, அழுக்கான, நிஜமான பூதங்களை அதற்கு முன்பும் பின்பும் திரையில் நான் பார்த்ததில்லை.

எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 10 கோடி டாலர். இந்த எண்தான் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் வேர். ஜோன்ஸின் முதல் படம் 1 கோடியே 30 லட்சம் டாலரில் எடுத்தது. விசித்திரமான, சோகமான, கைக்கு அடங்கிய படங்களை எடுப்பவர் அவர். 10 கோடியைப் போட்ட நிறுவனம் தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தை வரை எல்லோரையும் எதிர்பார்க்கும். எதிர்பார்க்காமல் எப்படி இருக்கும்?

2007 கடைசியில் நடந்த முன்னோட்டக் காட்சியில் சில குழந்தைகள் அழுததாகவும் பாதியில் போகலாம் என்று கேட்டதாகவும் செய்திகள் கசிந்தன. முழுவதும் மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்றுகூடப் பேச்சு. வார்னர் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆலன் ஹார்ன், ஜோன்ஸுக்குக் கூடுதல் பணமும் அதைவிட முக்கியமாகக் கூடுதல் நேரமும் கொடுத்திருக்கிறோம், அவருடைய பார்வையையும் விட்டுவிடாமல் பரவலான பார்வையாளர்களையும் சேர்கிற ஒரு பொது இடத்தைத் தேடுகிறோம் என்ற பொருளில் பேசினார். 2008இல் வரவிருந்த படம் 2009 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. கடைசியில் வந்தது ஜோன்ஸின் படம்தான். நிறுவனம் வெட்டித் தைத்த படமாக அது தெரியவில்லை. வார்னரை எல்லோரும் திட்டுவார்கள், எனக்கு அந்த இடத்தில் அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது.

படம் என்ன செய்கிறது

மேக்ஸின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். புத்தகத்தில் அம்மாவின் குரல் மட்டும்தான், முகம் கிடையாது. படத்தில் அம்மாவாக நடிகை கேத்தரின் கீனர். கணவர் வீட்டில் இல்லை. வேலையில் ஏதோ தகராறு, தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். மேக்ஸ் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு அவள் காலுறையின் நுனியை விரலால் இழுத்து விளையாடுகிறான். அம்மா ஒரு கதை சொல்லச் சொல்ல, பல் உடைந்துபோன ஒரு ரத்தக் காட்டேரியின் கதையைச் சொல்கிறான். அவள் அதைத் தட்டச்சு செய்கிறாள். இரண்டு நிமிடக் காட்சி. இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது இதுதான், ஒரு பூதமும் இல்லாத காட்சி. இதைப் பார்க்கும் பெரியவர் கண்ணில் படுவது அந்தப் பெண்ணின் களைப்பு. குழந்தை கண்ணுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அக்காவின் நண்பர்கள் மேக்ஸின் பனிக்குகையை மிதித்து உடைக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர், சூரியன் ஒருநாள் அணைந்துவிடும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அறையில் அப்பா கொடுத்த ஒரு பூகோள உருண்டை. 'இந்த உலகின் சொந்தக்காரனான மேக்ஸுக்கு' என்று அதில் எழுதியிருக்கிறது. கொடுத்த அப்பா போய்விட்டார், உலகம் மட்டும் இருக்கிறது. பிறகு ஒரு மாலை, அம்மாவின் ஆண் நண்பர் வந்திருக்கும்போது, ஓநாய் உடையோடு மேலே ஏறி நின்று "ஏ பெண்ணே, எனக்குச் சோறு போடு!" என்று கத்துகிறான். சண்டை முற்றி அவள் தோளில் கடிக்கிறான். ஓடுகிறான்.

தீவில் முதலில் பார்ப்பது கரோல் என்ற ஜந்து வீடுகளை உடைத்துக்கொண்டிருப்பதை. கே.டபிள்யூ. என்ற தோழி விட்டுவிட்டுப் போய்விட்டாள், அந்த ஆத்திரம். மற்றவை மேக்ஸைத் தின்ன நெருங்குகின்றன. புத்தகத்து மேக்ஸ் இந்த இடத்தில் கண்ணை இமைக்காமல் பார்த்தான். படத்து மேக்ஸ் பொய் சொல்கிறான். நான் ஏற்கெனவே ராஜாவாக இருந்தவன், எனக்கு மந்திர சக்திகள் உண்டு என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறான். ஒரு ஜந்து கேட்கிறது: எங்கள் சோகத்தையெல்லாம் வராமல் தடுத்துவிடுவாயா? என்னிடம் சோகக் கவசம் இருக்கிறது, நம் எல்லோருக்கும் போதுமான அளவு பெரியது என்கிறான் பையன். அவன் தலையில் வைக்கும் மகுடம் எலும்புக் குவியலிலிருந்து எடுத்தது. எலும்புகள் முந்தைய ராஜாக்களுடையவை.

புத்தகத்தில் பையன் நிஜமாகவே ராஜா. அவன் சொன்னால் கும்மாளம் தொடங்கும், அவன் சொன்னால் நிற்கும். ஏழு வயதில் உலகமே உன்னைக் கட்டளையிடும். எழுந்திரு, பல் தேய், சாப்பிடு, பேசாதே. பத்து நிமிடம் ஒரு புத்தகம் உன்னை ஆளவிடுகிறது. கோபம் உன்னுடையது, கடிவாளமும் உன் கையில்தான். ஆகவே ஜந்துகள் எவ்வளவு பல்லைக் காட்டினாலும் பயமில்லை. படத்தில் அவன் ராஜாவாக நடிக்கிறான், பார்க்கிற நமக்கு அது தெரிகிறது, அலெக்சாண்டர் என்ற ஆட்டு முக ஜந்துக்கும் தெரிந்துவிடுகிறது. கும்மாளம் அரைமணிக்கு மேல் தள்ளி வந்து சில நிமிடங்களில் முடிகிறது. அதற்குப் பின் மீதிப் படம் முழுக்க அதன் விளைவுகள்: பொறாமை, முணுமுணுப்பு, உனக்கு அவளைத்தான் பிடிக்கும் என்ற சண்டை. எல்லோரும் ஒன்றாக வாழக் கோட்டை கட்டுகிறார்கள். மண்ணாங்கட்டி எறிந்து விளையாடப் போய் அலெக்சாண்டருக்கு அடிபடுகிறது. கரோல் ஆத்திரத்தில் டக்ளஸ் என்ற இன்னொரு ஜந்துவின் கையைப் பிய்த்துவிடுகிறது. கையிலிருந்து ரத்தம் வரவில்லை, மணல் கொட்டுகிறது. தேர்ந்த நடிகர்கள் குரலில் இதையெல்லாம் கேட்கும்போது, மனம் கசந்த ஒரு கூட்டுக்குடும்பத்தின் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. சில இடங்களில் குழு உளவியல் சிகிச்சைபோலவும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நடுப்பகுதியில் ஒரு பதினைந்து நிமிடம் எனக்கே நெளிந்தது.

கரோல் மேக்ஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கையில், இதெல்லாம் உன்னுடையது, இந்த உலகின் சொந்தக்காரன் நீ என்கிறது. பூகோள உருண்டையில் இருந்த அதே வாசகம். கரோலில் பையனும் இருக்கிறான், போய்விட்ட அப்பாவும் இருக்கிறார். சூரியன் செத்துவிடும் என்று மேக்ஸ் சொன்னதும் கரோல் சிரிக்கிறது: நீ ராஜா, நான் எவ்வளவு பெரியவன் பார், நம்மைப்போன்றவர்கள் சூரியன்போல ஒரு குட்டிப் பொருளுக்கெல்லாம் கவலைப்படலாமா? பிறகு ஒரு இரவு, அதே கரோல் சூரியன் செத்துப்போகும் என்று நடுங்குகிறது. பெரிய உருவம், ஆறுதல் சொன்ன குரல், அதுவே கடைசியில் பயந்து அழுகிறது. நாற்பது வயதில் இது நெஞ்சில் அறைகிறது, ஏனென்றால் அந்த இரவு நம் வீட்டிலும் எப்போதோ நடந்திருக்கிறது. ஏழு வயதுக்காரி அந்த இடத்தில் எழுந்து உள்ளே போனாள்.

கரோல் துரத்தும்போது கே.டபிள்யூ. மேக்ஸை விழுங்கித் தன் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே இரண்டு பேர் சண்டை போடுவதை அவன் கேட்கிறான். இதைவிட வெளிப்படையாக ஓர் இயக்குநர் சொல்லிவிட முடியாது. பிறகு பையன் பெருமூச்சு விட்டுச் சொல்வது, உங்களுக்கெல்லாம் ஒரு அம்மா இருந்திருக்கலாம் என்று. அந்த நொடியில் அவன் அம்மாவின் இடத்தில் நின்று பேசுகிறான். எல்லோரும் தன்னிடம் எதிர்பார்த்து, தன்னால் கொடுக்க முடியாமல், அவர்கள் கோபத்தையும் வாங்கிக்கொள்கிற இடம் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் சாப்பாடு இருக்கிறது. அம்மா எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். பார்த்தபடியே தூங்கிப்போகிறாள். மேக்ஸ் அவளைப் பார்க்கிறான். படம் முடிகிறது. புத்தகத்தில் அம்மா கண்ணில் படாமலேயே அன்பு மட்டும் சூடாக மேசையில் இருந்தது, குழந்தை அதைப் பெற்றுக்கொண்டது. படத்தில் குழந்தை அம்மாவைப் பார்த்துக்கொள்கிறது. தூங்குகிற பெற்றோரைப் பார்த்து மனம் இளகுவது பெரியவர்களுக்கு வருகிற உணர்ச்சி. பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது.

வசூல்

முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் 3 கோடியே 27 லட்சம் டாலர், முதலிடம். அடுத்த வாரம் அதில் பாதிகூட வரவில்லை. அங்கே மொத்தம் சுமார் 7 கோடியே 70 லட்சம், உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 10 கோடி. செலவும் வரவும் சமம் என்று தோன்றும். ஆனால் திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் நிறுவனத்துக்குக் கையில் நிற்பது கொஞ்சம்.

ஒப்பிட ஒரு படம் கையிலேயே இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரு மாதம் முன்னால், 'க்ளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ்' வந்தது. அதுவும் மெல்லிய படப்புத்தகம்தான், 1978இல் வந்தது. செலவும் ஏறத்தாழ அதே 10 கோடி. அதைப் படமாக்கியவர்கள் நான் மேலே சொன்ன வழியில் போனார்கள்: ஒரு கண்டுபிடிப்பாளன், ஓர் இயந்திரம், ஒரு காதல், உலகத்துக்கு ஆபத்து. வசூல் 24 கோடிக்கு மேல். நன்றாகச் சிரிக்கவைக்கிற படம், குறை சொல்ல மாட்டேன். என் மகள் அதை நாலு தடவை பார்த்திருக்கிறாள். அதில் நாயகன் தோற்பதுபோல் தோற்று ஜெயித்துவிடுவான்.

விளம்பரம் செய்தவர்களுக்கு இந்தப் படம் யாருக்கானது என்று தெரிந்தேதான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். ட்ரெய்லரில் ஒலித்தது ஆர்கேட் ஃபயர் குழுவின் பாடல். படத்தின் பாடல்கள் யே யே யேஸ் குழுவின் கேரன் ஓ செய்தவை. இரண்டும் அன்றைய கல்லூரி வயதுக்காரர்கள் காதில் மாட்டிக்கொண்டு திரிந்த இசை. பெரியவர்கள் அளவுக்கு ஓநாய் உடை கடைக்கு வந்தது. எக்கர்ஸ் கதையை நாவலாக விரித்து எழுதினார், அதற்கு ரோமம் போர்த்திய அட்டையோடு ஒரு பதிப்பும் வந்தது. சிறுவயதில் அந்தப் புத்தகத்தோடு தூங்கி, இப்போது வாடகை வீட்டில் தனியாக இருப்பவர்களைக் கூப்பிட்ட அழைப்பு அது. அவர்கள் வந்தார்கள். முதல் வாரமே வந்துவிட்டார்கள்.

நான் குழந்தைகள் படம் எடுக்கப் போகவில்லை, குழந்தைப்பருவத்தைப் பற்றிய படம் எடுக்கப் போனேன் என்று ஜோன்ஸ் பேட்டிகளில் சொன்னார். நேர்மையான பதில். செண்டாக்கிடம் 'நியூஸ்வீக்' இதழ், பயமாக இருக்கிறது என்று சொல்லும் பெற்றோருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டது. நரகத்துக்குப் போங்கள் என்பேன் என்றார். குழந்தைகளுக்குத் தாங்க முடியாவிட்டால்? வீட்டுக்குப் போகட்டும், இல்லாவிட்டால் கால்சட்டையை நனைத்துக்கொள்ளட்டும். அப்போது அவருக்கு வயது 81. கிழவரின் இந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர் பதில் சொன்னது பயத்தைப் பற்றிய கேள்விக்கு. என் மகள் பயப்படவில்லை. அவளுக்கு மகுடம் கொடுப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போய், கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படத்தின் தோல்வி என்று நான் எழுதவில்லை. இதே படத்தை 2 கோடி, 3 கோடிக்குள் எடுத்திருந்தால் யாரும் இதைத் தோல்விப் பட்டியலில் சேர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். ஜோன்ஸ் அடுத்து 2013இல் எடுத்த 'ஹெர்' சுமார் 2 கோடியே 30 லட்சத்தில் முடிந்தது, அதைப்போல் இரு மடங்கு வசூலித்தது, திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கியது. அதுவும் பிரிவு, தனிமை, விட்டுப்போனவர்களைப் பற்றிய படம்தான். அதற்கு யாரும் பாப்கார்னோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இங்கே சிக்கல், அந்த எட்டடி உடம்புகள் இல்லாமல் இந்தப் படம் இல்லை, அந்த உடம்புகளுக்கு 10 கோடி வேண்டும், 10 கோடி வேண்டுமென்றால் தலைப்பில் ஒரு குழந்தைப் புத்தகம் வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

எந்த வயதில் காட்டலாம் என்று நண்பர்கள் கேட்டால், பத்துக்கு மேல் என்கிறேன். அம்மா அப்பா சண்டையைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிற பிள்ளை என்றால் அதற்கு முன்பேகூட. அப்படிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்த ஒரு ஒன்பது வயதுப் பையனை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுப் பிரதியின் முதுகு பிய்ந்து இரண்டு முறை டேப் ஒட்டியாகிவிட்டது. மகள் இப்போது அதைத் தன் தம்பிக்குப் படித்துக் காட்டுகிறாள். கும்மாளப் பக்கங்கள் வந்ததும் இரண்டும் கட்டிலில் ஏறிக் குதிக்கின்றன. "போதும், நிறுத்துங்க!" என்பது தம்பியின் வசனம். அவன் சொல்கிறவரை யாரும் நிறுத்தக் கூடாது. நானும்தான்.